லிம்போமா நோயாளியின் எதிர்ப்பு சக்தி: ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது, எப்போது ஓடுவது

பயாப்சியில் லிம்போமா என்று வந்த வாரத்தில் வீட்டார் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "சிஸ்டர், இவருக்கு எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்கு?" என்பது முதல் கேள்வி. அடுத்ததை நோயாளியின் காதில் விழாமல் கேட்பார்கள்: "குணமாகிவிடுமா?" கீமோ டே கேரில் பல வருடங்களாக வேலை செய்யும் செவிலியர் நான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒரே பதில் கிடையாது. எதிர்ப்பு சக்தி என்று ஒரு தனி எண் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. ஃபைலில் எங்கே எதைப் பார்க்க வேண்டும், அதில் எது உங்கள் கையில் இருக்கிறது என்று நான் அவர்களிடம் உட்கார்ந்து சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கை பலவீனம்?

லிம்போமா பிறப்பதே லிம்போசைட் என்ற வெள்ளையணுவில். வேலியே பயிரை மேய்கிற நோய் இது. அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே சிலருக்கு எதிர்ப்பு குறைந்திருக்கும். அப்புறம் சிகிச்சையும் அதே அணுக்களைத்தான் குறிவைக்கிறது.

"எதிர்ப்பு சக்தி குறைவு" என்று யாராவது சொன்னால், எது குறைவு என்று திருப்பிக் கேளுங்கள். எதிர்ப்பு சக்தியை மூன்று கைகளாகப் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும். நியூட்ரோஃபில் என்பது பாக்டீரியாவையும் சில பூஞ்சைகளையும் உடனே எதிர்க்கும் அணு. கீமோவுக்குப் பிறகு சில நாட்களிலேயே விழுந்து, சில நாட்களிலேயே எழும். பி செல் ஆன்டிபாடி தயாரிக்கும் வரிசையைச் சேர்ந்தது. பி செல்லைக் குறிவைத்து அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து கொடுத்தால் அது மாதக்கணக்கில் காணாமல் போகும். டி செல் வைரஸ்களையும், காசநோய்க் கிருமியையும், சிறுவயதில் வந்த அம்மை வைரஸ் உடம்பில் ஒளிந்திருப்பதையும் அடக்கி வைத்திருப்பது. பெண்டமஸ்டின், ஃப்ளூடாராபின் போன்ற மருந்துகள் இதை நீண்ட காலம் குறைத்துவிடும். மூன்றும் வெவ்வேறு காலத்தில் விழுகின்றன, வெவ்வேறு கிருமிகளுக்கு வழிவிடுகின்றன. அதனால் "கவுண்ட் ஏறிவிட்டது" என்றால் நியூட்ரோஃபில் ஏறிவிட்டது என்று மட்டும்தான் பொருள்.

ஹாட்ஜ்கின் லிம்போமாவில் இது இன்னும் விசித்திரம். கட்டியில் உண்மையான புற்றணுக்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான். மிச்சமெல்லாம் அங்கே வரவழைக்கப்பட்டு, வேலை செய்யவிடாமல் நிறுத்தப்பட்ட சாதாரண எதிர்ப்பு அணுக்கள். அந்தப் புற்றணுவை விவரித்தவர்களில் ஒருவரான டாரதி ரீட், இந்த நோயாளிகளுக்கு டியூபர்குலின் என்ற காசநோய்ப் பரிசோதனையில் தோல் எதிர்வினை காட்டாததை 1902-லேயே குறித்து வைத்தார். கட்டிக்குள் எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாக இருந்தும் உடம்பின் டி செல் எதிர்ப்பு மந்தமாக இருக்கிறது. அணுக்களை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சிகிச்சைக்கு முன் ஒரு தாள்

முதல் கீமோவுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டுகளைத் தனியாக ஒரு தாளில் எழுதி ஃபைலின் முன்பக்கம் வையுங்கள். பின்னால் வரும் எல்லா எண்களையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

முதலில் ரத்த அணுக்கள். ரிப்போர்ட்டில் சதவீதம் இருக்கும், அதை அப்படியே நம்பாதீர்கள். மொத்த வெள்ளையணுவைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் உண்மை எண்ணிக்கை வரும். மொத்தம் 3,000, லிம்போசைட் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 25 என்பது சாதாரணமாகத் தெரியும். கணக்குப் போட்டால் 750, இது குறைவு. இன்னொரு ரிப்போர்ட்டில் மொத்தம் 2,400, லிம்போசைட் 55 சதவீதம், பக்கத்தில் 'அதிகம்' என்று குறி இருக்கும். கணக்குப் போட்டால் 1,320, அது சரியான அளவுதான். அதே ரிப்போர்ட்டில் 30 சதவீத நியூட்ரோஃபில் என்றால் 720. கவலைப்பட வேண்டிய எண் இந்த 720. பேண்ட் (இன்னும் முழுதாக முதிராத நியூட்ரோஃபில்) என்று தனியாகக் கொடுத்திருந்தால் அதையும் நியூட்ரோஃபிலோடு கூட்டிக்கொள்ளுங்கள். சில ஆய்வகங்கள் 700 என்பதை 0.7 என்று அச்சிடும். அலகைப் பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்.

அடுத்து எல்டிஹெச் (அணுக்கள் அழியும்போது ரத்தத்தில் கூடும் என்சைம்), அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), ஹீமோகுளோபின். அப்புறம் ஹெபடைடிஸ் பி பரிசோதனை. இதில் மேற்பரப்பு ஆன்டிஜன் மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் பார்த்திருக்க வேண்டும். எப்போதோ வந்து போன ஹெபடைடிஸ் பி ஈரலில் தூங்கிக்கொண்டிருக்கும். ரிட்டுக்சிமாப் பி செல்லை அழித்ததும் அது விழித்து ஈரலைச் செயலிழக்கச் செய்யலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் இதற்காகவே அந்த மருந்தின் மேல் கடுமையான எச்சரிக்கை போடச் சொன்னது. பாசிட்டிவ் என்றால் என்டெகாவிர் போன்ற மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடலாம். ஆனால் லிம்போமா சிகிச்சை முடிந்த பின்னும் குறைந்தது ஒரு வருடம் அதைத் தொடர வேண்டும். கீமோ முடிந்த சந்தோஷத்தில் எல்லா மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் இதையும் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

எச்ஐவி பரிசோதனையைக் கேட்டால் கோபப்படாதீர்கள். அது எல்லா லிம்போமா நோயாளிக்கும் செய்வது. இருப்பது தெரிந்தால் அதற்கான மருந்தையும் சேர்த்தே கொடுப்பார்கள். அந்த மருந்துகள் வந்த பிறகு இவர்களுடைய லிம்போமா முடிவுகள் வெகுவாக மேம்பட்டிருக்கின்றன.

ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள முக்கிய ஆன்டிபாடி) அளவும் முடிந்தால் முதலிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து அது குறைந்திருக்கும்போது, ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் பேச முடியும்.

ஸ்கோர்களை எப்படி எடுத்துக்கொள்வது

பெரிய பி செல் லிம்போமா போன்ற வேகமாக வளரும் வகைகளுக்கு 1993-ல் வந்த ஐபிஐ, அதாவது நோயின் போக்கைக் கணிக்கும் புள்ளிக் கணக்கு, இன்றும் பயன்படுகிறது. வயது 60-க்கு மேல், எல்டிஹெச் அதிகம், மூன்று அல்லது நான்காம் ஸ்டேஜ், நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நோய், நடமாட்டம் குறைந்த நிலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இதில் எதிர்ப்பு சக்தி நேரடியாக எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹாட்ஜ்கினுக்கு 1998-ல் வந்த ஸ்கோரில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. அதில் ஏழு விஷயங்கள்: அல்புமின் 4-க்குக் கீழ், ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ், ஆண், வயது 45 அல்லது அதற்கு மேல், நான்காம் ஸ்டேஜ், வெள்ளையணு 15,000 அல்லது அதற்கு மேல், லிம்போசைட் 600-க்குக் கீழ் அல்லது 8 சதவீதத்துக்குக் கீழ். கடைசி மூன்றில் இரண்டு வெள்ளையணு சம்பந்தப்பட்டவை. முற்றிய நிலையில் இருப்பவர்களுக்காகச் செய்த ஸ்கோர் இது. முதல் ஸ்டேஜ் நோயாளிக்கு இதைப் போட்டுப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

லிம்போசைட்டை மோனோசைட்டால் வகுத்து வரும் விகிதம் குறைவாக இருந்தால் நோயின் போக்கு மோசமாக இருக்கலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. லிம்போசைட் நோயை எதிர்க்கும் பக்கம். மோனோசைட்டோ கட்டிக்குள் போய் மேக்ரோஃபேஜ் ஆகிப் பல நேரம் கட்டிக்கே துணைபோகும் பக்கம். ஃபாலிகுலர் லிம்போமாவில் புற்றணு அல்லாத சுற்றியுள்ள எதிர்ப்பு அணுக்களின் மரபணுச் செயல்பாட்டை வைத்தே ஆயுளைக் கணிக்க முடிந்தது என்று 2004-ல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. ஆனால் எந்த எண்ணுக்குக் கீழே போனால் மோசம் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இந்த விகிதத்தை வைத்து யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை. கீமோ நடுவில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து இதைக் கணக்குப் போடுவதில் அர்த்தமே இல்லை. நோய் கண்டுபிடித்தபோது எடுத்த எண்ணுக்குத்தான் ஏதாவது பொருள் உண்டு.

தாயின் ரிப்போர்ட்டில் லிம்போசைட் 800 என்று பார்த்துவிட்டு ஒரு பெண் இரவெல்லாம் தூங்காமல் வந்து நின்றாள். அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். இந்த ஸ்கோர்கள் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுபவை. அந்தக் கூட்டத்தில் உங்கள் அம்மா எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை மருந்துக்கு நோய் எப்படிப் பதில் சொல்கிறது என்பதுதான் காட்டும். நடுவில் எடுக்கும் பெட் ஸ்கேன், முடிவில் எடுக்கும் பெட் ஸ்கேன், அதில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒன்று முதல் ஐந்து வரை போடும் டோவில் மதிப்பெண், இவை முதல் நாள் ரத்தத்தைவிட அதிகம் சொல்லும். பரவலான பெரிய பி செல் லிம்போமாவில் ஆர்-சாப் வகைச் சிகிச்சைக்கு (சாப் என்ற கூட்டு கீமோவோடு ரிட்டுக்சிமாப்) பிறகு 24 மாதம் நோய் திரும்பாமல் இருப்பவர்களின் ஆயுள், அதே வயதுள்ள பொதுமக்களின் ஆயுளை நெருங்குகிறது. முதல் நாள் ஸ்கோர் உயர்ந்திருந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

காய்ச்சல்: உங்கள் கையில் இருப்பது

இந்தப் பகுதியைத்தான் வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியும் நோயின் முடிவும் உண்மையாகச் சந்திக்கும் இடம் இது. தொற்றே உயிருக்கு ஆபத்து, அது முதல் விஷயம். இரண்டாவது, தொற்று வந்தால் அடுத்த கீமோ தள்ளிப்போகும், டோஸ் குறையும். குணப்படுத்தக்கூடிய லிம்போமாவில் டோஸ் குறையாமல், தேதி தவறாமல் முடிப்பது முக்கியம். ஒரு காய்ச்சலை வேளையோடு பிடிப்பது ஒரு சுற்றைக் காப்பாற்றுவது.

21 நாளுக்கு ஒருமுறை கொடுக்கும் சாப் சிகிச்சையில் நியூட்ரோஃபில் பொதுவாக 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் அடிமட்டத்துக்குப் போகும். காலண்டரில் கீமோ நாளை 1 என்று எழுதி, இந்த ஒரு வாரத்தைக் கோடிட்டு வையுங்கள். 500-க்குக் கீழே போனால் அது கடுமையான குறைவு. அந்த வாரத்தில் வெப்பநிலை ஒரே முறை 38.3 டிகிரி, ஃபாரன்ஹீட்டில் 101 வந்தாலும், 38 அதாவது 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் அவசரநிலைதான். நான் என் நோயாளிகளிடம் 100.4 பார்த்தவுடனே போன் செய்யச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் காத்திருந்து உறுதிசெய்ய வேண்டாம். மருத்துவமனைக்குள் வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஏற வேண்டும் என்பதுதான் இலக்கு. வீட்டில் கழியும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை, ஆனால் கிருமி அந்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்காதீர்கள். தலைவலி என்றாலும் முதலில் தெர்மாமீட்டர் வைத்து, எண்ணை எழுதிவிட்டு, எங்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு இளைஞர் இரவு பத்து மணிக்கு 101 பார்த்து, காலையில் எப்படியும் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதே என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். காலையில் காய்ச்சல் இல்லாமல்தான் வந்தார். ரத்த அழுத்தம் மட்டும் மிகவும் இறங்கியிருந்தது. ஐசியுவில் இருந்து பிழைத்து எழுந்தார், ஆனால் அடுத்த சுற்று தள்ளிப்போனது. அவர் சோம்பேறியும் இல்லை, பொறுப்பில்லாதவரும் இல்லை. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தார். இந்தத் தொந்தரவுக்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஏமாறக் கூடாத நேரம் உண்டு. சாப் சிகிச்சையில் ஐந்து நாள் பிரெட்னிசோலோன் உண்டு. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். நியூட்ரோஃபில் இல்லாத இடத்தில் சீழும் வராது, சிவப்பும் தெரியாது, எக்ஸ்ரேகூட முதலில் சுத்தமாக இருக்கலாம். குளிர் நடுக்கம், திடீர் சோர்வு, குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, போர்ட் அல்லது பிக் லைனில் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் வைத்திருக்கும் குழாய்) மருந்து ஏற்றியவுடன் நடுக்கம், இதில் எது வந்தாலும் வெப்பநிலை என்னவாக இருந்தாலும் கிளம்புங்கள். மலக்குடலில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது, எனிமாவும் கூடாது.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தயாராக இருக்கட்டும். அதில் நோயின் பெயர், கீமோவின் பெயர், கடைசியாகக் கொடுத்த தேதி, ஒவ்வாமை, கடைசி கவுண்ட், டாக்டர் எண் எழுதிய ஒரு அட்டை. வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் வாசலிலேயே "கீமோ எடுக்கிறவர், காய்ச்சல்" என்று சொல்லி அட்டையை நீட்டுங்கள். வரிசையில் உட்கார வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

கவுண்ட் ஏற்றும் ஊசி போட்ட பிறகு வெள்ளையணு 20,000, 30,000 என்று வந்தால் எதிர்ப்பு சக்தி பலமடங்கு ஆகிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது ஊசியின் விளைவு. ஸ்டீராய்டும் எண்ணிக்கையைத் தற்காலிகமாக உயர்த்தும். அந்த ஊசியால் இடுப்பிலும் முதுகிலும் வலி வருவது வழக்கம், ஆனால் வலி மாத்திரை போடும் முன் வெப்பநிலை பார்ப்பதை அங்கேயும் மறக்காதீர்கள்.

உணவைப் பற்றி: பச்சைக் காய், பழம் எல்லாவற்றையும் விலக்கும் கடுமையான பத்தியம் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. கை கழுவுவது, நன்றாகக் கழுவிச் சமைப்பது, பழையதைத் தவிர்ப்பது போதும். சாப்பிடாமல் அல்புமின் இறங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று விற்கும் பொடிகளையும் சொட்டுகளையும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டாம். சில மூலிகைகள் கீமோ மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டியோ குறைத்தோ விடும்.

சிகிச்சை முடிந்த பின் வரும் மெதுவான பலவீனம்

கடைசிச் சுற்று முடிந்து, முடி வளர்ந்து, நியூட்ரோஃபில் சரியாகி, எல்லோரும் மூச்சுவிடும் காலத்தில் மற்ற இரண்டு கைகளும் இன்னும் எழுந்திருக்காது. ரிட்டுக்சிமாப் கடைசி டோஸுக்குப் பிறகு பி செல் திரும்ப ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகலாம். சிலருக்கு அதற்கும் மேல். இந்தக் காலத்தில் சளி, சைனஸ், நெஞ்சுத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் ஐஜிஜி பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, தொற்றும் அடிக்கடி வந்தால் இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி மருந்து) ஏற்றுவதைப் பற்றி டாக்டர் பேசுவார். எண் மட்டும் குறைந்து, தொற்று எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் தேவைப்படாது.

வறட்டு இருமலோடு படி ஏறினால் மூச்சிரைப்பு என்றால் நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா நினைவுக்கு வர வேண்டும். அதைத் தடுக்கத்தான் கோட்ரைமாக்சசோல் கொடுத்திருப்பார்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், அப்புறம் கொப்புளம் என்றால் அக்கி. முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் நல்லது. மிக அரிதாக, பேச்சுக் குழறல், ஒரு பக்கத் தளர்ச்சி, குணத்தில் மாற்றம் மெல்ல மெல்ல வரும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மூளையைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்றுக்கு அது அடையாளமாக இருக்கலாம்.

தடுப்பூசிக்கு நேரம் பார்க்க வேண்டும். முடிந்தால் கீமோவுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ரிட்டுக்சிமாப் முடிந்து ஆறு மாதம் வரை ஆன்டிபாடி சரியாக உருவாகாது. கோவிட் காலத்தில் இதை நேரிலேயே பார்த்தோம், தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி வராதவர்கள் நிறைய. உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசிகள் இவர்களுக்கு வேண்டாம். அக்கிக்கு உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசி இருக்கிறது. எதிர்ப்பு குறைந்த பெரியவர்களுக்கு 18 வயதிலிருந்தே போடலாம் என்று 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எதிர்ப்பு மண்டலமே மருந்தாகும்போது

எதிர்ப்பு பலவீனம் என்று இவ்வளவு பேசிவிட்டு, அதை எழுப்பியோ, அதன் மேல் விழும் தூண்டுதலை நிறுத்தியோ நோயைச் சுருக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு வரும் லிம்போமா, எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைத்தவுடன் சிலருக்குச் சுருங்குகிறது. இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமா, எச். பைலோரி கிருமியை ஆன்டிபயாடிக்கால் ஒழித்தால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடுகிறது. அந்தக் கிருமி எதிர்ப்பு அணுக்களை ஓயாமல் தூண்டியதுதான் நோயை வளர்த்தது. ஹாட்ஜ்கினில், நிறுத்தி வைக்கப்பட்டிருந்த டி செல்லை விடுவிக்கும் நிவோலுமாப் 2016-லும் பெம்புரோலிசுமாப் 2017-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பல சிகிச்சைகள் தோற்றவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் சுருங்கியது.

இந்த மருந்துகளில் ஆபத்து எதிர்ப்பக்கம் வரும். அவிழ்த்துவிட்ட டி செல் குடலையோ நுரையீரலையோ தைராய்டையோ தாக்கலாம். ஓயாத வயிற்றுப்போக்கு, புதிய இருமல், காரணமில்லாத அசதி வந்தால், சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சையில் முதல் நாட்களின் காய்ச்சல் அணுக்கள் வேலை செய்வதாலும் வரலாம், தொற்றாலும் வரலாம். வீட்டில் இருந்து பிரித்தறிய யாராலும் முடியாது. அதற்குப் பிறகு ஐஜிஜி குறைவு நீண்டகாலம் இருக்கும்.

கடைசியாக அட்டையில் எழுத வேண்டிய ஒரு வரி. ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கும், ஃப்ளூடாராபின் அல்லது பெண்டமஸ்டின் எடுத்தவர்களுக்கும் பிற்காலத்தில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தம் கேட்க வேண்டும் என்று பிரிட்டன் வழிகாட்டல் சொல்கிறது. ஏற்றும் ரத்தத்தில் உள்ள வேற்று டி செல்களை இவர்களுடைய உடம்பு அழிக்காமல் விட்டுவிடலாம், அது உயிருக்கே ஆபத்து. பத்து வருடம் கழித்து எங்கோ ஒரு விபத்தில் ரத்தம் தேவைப்படும்போது அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. உங்களுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்டு, பொருந்தினால் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பர்ஸில் எப்போதும் வைத்திருங்கள்.